கேம்ஷாஃப்ட் மாற்ற ஆயில் பேனைத் தளர்த்தினால் போதுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். 1978 செவ்ரோலே சி-10 பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன், 350 வி-8 இன்ஜின். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டில் ஒரு லோப், அதாவது ஒரு மேடு, தேய்ந்துவிட்டது, ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. வீட்டு கராஜிலேயே கேம் மாற்றலாம் என்று இருக்கிறேன். இன்ஜின் முன்பக்கத்து டைமிங் கவரை எடுக்க, அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பேனை முழுதாக இறக்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். முன்பக்கம் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? முன்கூட்டியே என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: கேம் நன்றாக இருந்து, கூடுதல் பவருக்காக வேறு கேம் போடுகிறீர்கள் என்றால் தளர்த்தினால் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுடையது லோப் தேய்ந்த கேஸ். தேய்ந்த இரும்பு எங்கே போயிருக்கும்? ஆயிலோடு கலந்து பேனுக்குள்தான். அதனால் காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது மாட்டியிருக்கும் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் உறையை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். ஃபில்டர் கட்டர் இருந்தால் நல்லது. ஹேக்ஸாவால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும்.

மினுமினுப்பான தூள் இருந்து, காந்தத்தில் ஒட்டினால் அது கேமும், லோப்பின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் லிஃப்டரும் தேய்ந்த இரும்பு. பேனை முழுதாக இறக்கி, கழுவி, ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாயில் இருக்கும் வலையையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் புது கேம் போட வேண்டும். இல்லையென்றால் பழைய கேமின் தூள் புது கேமையும் தின்னும். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ, காந்தத்தில் ஒட்டாத துணுக்குகள் இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் கேம் வாங்கவே வாங்காதீர்கள். அந்த இன்ஜினுக்கு ஓவர்ஹால்தான் வழி. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் மட்டும் தளர்த்துவதைப் பற்றிப் பேசலாம்.

இந்த இன்ஜினில் பேனைத் தொடவேண்டி வருவது ஏன் தெரியுமா? கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது, முன்பக்கமாகத்தான் உருவ வேண்டும். வழியில் டைமிங் செயினும் அதை மூடிய தகட்டுக் கவரும் நிற்கின்றன. அந்தக் கவரின் அடி விளிம்பு அரைவட்டமாக வளைந்து, ஆயில் பேனின் முன் உதட்டில் ரப்பர் சீலோடு இறுகி உட்கார்ந்திருக்கிறது. கவரின் போல்ட்டுகளை எல்லாம் எடுத்தாலும் அடியில் பேன் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் பலர் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்புவார்கள். தகடு வளைந்தால் அப்புறம் எந்த கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும்.

தளர்த்தும் முறை இது. முன்பக்கத்து போல்ட்டுகளை முழுதாக எடுத்துவிட்டு, பக்கவாட்டில் இருப்பவற்றைப் பின்னோக்கிப் போகப்போகக் குறைவாகத் தளர்த்துங்கள். முன்பகுதி ஒரு விரல் அகலம் இறங்கினால் கவர் வெளியே வந்துவிடும். பேனைத் தொடாமல் செய்யும் வழியும் உண்டு. கவரைக் கொஞ்சம் முன்னே இழுத்து, ரப்பர் சீலை பிளாக்கின் முகத்தோடு ஒட்டிக் கூர்மையான கத்தியால் வெட்டிவிடுவது. கேட்க ஒப்பேற்றுகிற வேலை போலத் தோன்றும், ஆனால் அந்தக் காலத்து ஜிஎம் சர்வீஸ் புத்தகமே சொல்லும் முறை இது. திரும்பப் பூட்டும்போது புது முன் சீலை அளவாக வெட்டி வைத்து, பேனும் பிளாக்கும் கவரும் சந்திக்கும் இரண்டு மூலையிலும் 1/8 அங்குலத் தடிமனில் சிலிகான் சீலர் இழுக்க வேண்டும். அதற்கு மேல் அப்பாதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் சிலிகான் நேராக அந்த உறிஞ்சு வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

பக்கவாட்டு கார்க் கேஸ்கெட் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். இத்தனை வருஷச் சூட்டில் பிஸ்கட் போல ஆகியிருந்தால், தளர்த்தும்போதே விரிசல் விட்டுவிடும். வேலையெல்லாம் முடிந்து வண்டி ஓடும்போதுதான் ஒழுகத் தொடங்கும். பேனின் ஓரங்களைத் துடைத்துவிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே கசிகிறது என்றால் யோசிக்காமல் முழுதாக இறக்குங்கள். இந்த வண்டியில் குறுக்குச் சட்டம் தடுக்கும், இன்ஜின் மவுண்ட் போல்ட்டை எடுத்து இன்ஜினைச் சில அங்குலம் தூக்க வேண்டிவரலாம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

இனி வாங்க வேண்டியவை. பேன் கேஸ்கெட்டை வண்டியின் வருஷத்தைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். பழைய பிக்கப்களில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம். பிளாக்கின் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், டிரைவர் பக்கமாக வார்ப்பு எண் இருக்கும். அதை வைத்து எந்த வருஷத்து பிளாக் என்று பாருங்கள். 1974 வரை முன் சீல் மெல்லியது, 1975 முதல் தடித்தது. 1986 முதல் பின் சீல் வடிவமே வேறு, அதற்கான கேஸ்கெட் உங்களுக்குச் சேராது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் ஒரு துப்புக் கொடுக்கும்: 1979 வரை டிரைவர் பக்கம், 1980 முதல் மறுபக்கம். பேனை முழுதாக இறக்குவதாக இருந்தால் ஒரே துண்டாக வரும் ரப்பர் கேஸ்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தகும். தளர்த்த மட்டும் போகிறீர்கள் என்றால் அதை வாங்கிப் பயனில்லை, முன் சீல் தனியாகக் கிடைக்கும் செட் போதும்.

லிஃப்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு லிஃப்டரும் தன் லோப்போடு சேர்ந்து தேய்ந்து பழகியது. பழைய லிஃப்டரைப் புது கேமில் வைத்தால் சீக்கிரமே இரண்டும் போகும், கேம் கம்பெனியும் வாரண்டி தர மாட்டேன் என்று சொல்லிவிடும். பதினாறும் புதிதாக, முடிந்தால் கேமோடு ஒரே பெட்டியில் வருவதாக வாங்குங்கள். டைமிங் செயின் செட், டைமிங் கவரில் உட்காரும் முன்பக்க கிராங்க் சீல், லிஃப்டரை எடுக்க மேலே கழற்றும் இன்டேக் மேனிஃபோல்டுக்கான கேஸ்கெட் இவையும் வேண்டும்.

டைமிங் கவரை எடுக்கும் முன், கிராங்க் முனையில் இருக்கும் ஹார்மோனிக் பேலன்சர் என்ற சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான புல்லரை வாங்கத் தேவையில்லை. ஆட்டோசோன், ஓரைலி போன்ற கடைகளில் டெபாசிட் கட்டி எடுத்துப்போய், திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நடுவில் போல்ட் பூட்டி இழுக்கும் வகையைக் கேளுங்கள். வெளி வளையத்தைக் கொக்கி போட்டு இழுக்கும் வகை, நடுவிலிருக்கும் ரப்பரைப் பிய்த்துவிடும். மறுபடி மாட்டவும் அதற்கான கருவியே வேண்டும், சுத்தியல் கூடாது. பேனின் சிறிய போல்ட்டுகளுக்கு 80 அங்குல-பவுண்டு, மூலையில் இருக்கும் பெரியவற்றுக்கு 165. அடி-பவுண்டு ரெஞ்சை எடுத்துக் கைக்கு வந்தபடி முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கும்.

கடைசியாக ஆயில். 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து சாதாரண கார் ஆயில்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். இந்த வகை கேமைக் காப்பாற்றுவது ஜிங்கும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தச் சேர்க்கைதான். புது கேமைப் பழக்குவதற்கென்று பிரேக்-இன் ஆயில் என்ற பெயரில் தனியாக விற்பதை வாங்குங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது, முப்பது நிமிடம் ஓடவிட்டு, உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு கராஜில் கேம் மாற்றக் கொடுத்தேன். பில்லில் எஸ்டிமேட்டில் இல்லாத 'ஆயில் பேன் கழற்றி மாட்டியது, கேஸ்கெட்' என்று ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேலை தேவையானதாகவே இருக்கலாம், மேலே சொன்ன காரணங்களைப் பாருங்கள். ஆனால் உங்கள் மாநிலத்தில் எழுத்து எஸ்டிமேட் கட்டாயம். அதற்கு மேல் போகும் வேலைக்கு முன்கூட்டியே உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். போனில் கேட்டு நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால் அதுவும் சம்மதம்தான், நினைவுபடுத்திப் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் முதலில் கராஜிடம் பேசுங்கள், சரிவராவிட்டால் மாநிலத்தின் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போதே கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேய்ந்த லோப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் பேனை ஏன் இறக்கினார்கள் என்பதும் தெரியும்.

கேள்வி: இன்டேக்கைத் தூக்கியபோது கூலண்ட் உள்ளே விழுந்து ஆயிலோடு கலந்துவிட்டது. இந்த ஆயிலைக் கடையில் கொடுக்கலாமா?

பதில்: சுத்தமான பழைய ஆயிலைப் பாகங்கள் விற்கும் கடைகள் பெரும்பாலும் இலவசமாக வாங்கிக்கொள்ளும். கூலண்ட் கலந்ததை வாங்க மாட்டார்கள், அவர்கள் தொட்டியில் இருப்பதெல்லாம் அதனால் கெட்டுப்போகும். தனி கேனில் ஊற்றி, என்ன கலந்திருக்கிறது என்று மேலே எழுதி, உங்கள் கவுண்டியில் வீட்டு அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பேனைக் கழற்றவில்லை என்றால் ஆயிலை வடிக்கும் போல்ட்டை இரவெல்லாம் திறந்து வைத்து, கொஞ்சம் மலிவான ஆயிலை மேலிருந்து ஊற்றிக் கழுவிய பிறகே பிரேக்-இன் ஆயிலை ஊற்றுங்கள்.