மாமியின் கஞ்சிக் கோப்பை

அன்புள்ள ஆலோசகருக்கு,

மானிப்பாயில் இருந்து எழுதுகிறேன். வயது 41. கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். மாமிக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகிறது. வலது பக்கம் இயங்காது, பேச்சும் போய்விட்டது. இரவில் மூன்று தரமாவது எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்.

ஆண்டவரைப் போல மனதுருகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் கடந்த வருடம் எங்கள் தேவாலயத்துச் சீடத்துவ வகுப்பில் சேர்ந்தேன். போன செவ்வாய் காலை மாமி கஞ்சியைத் திரும்பத் திரும்ப இருமித் துப்பினார். "வேண்டுமென்றே செய்கிறீர்கள்" என்று கத்தி, கோப்பையைத் தரையில் ஓங்கி வைத்தேன். அவர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று மாலை வகுப்பில் வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய நல்ல சமாரியன் பகுதியை வாசித்தது நான்தான். அதன்பின் முழங்காலிட்டால் ஜெபிக்க வார்த்தை வரவில்லை. இரக்கமில்லாத எனக்கு விசுவாசம் மட்டும் எப்படி இருக்கும்?

ஒரு மருமகள்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் கஞ்சி. பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதும் சிரமமாகிவிடும். தண்ணீராக ஓடும் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கப் பார்க்கும். இருமல் அதைத் தடுக்கிறது. கிளினிக்கில் இதைச் சொல்லி, விழுங்குவதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள், நியூமோனியா வரக்கூடும். அதுவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுங்கள்.

மாற்கு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனியே போய்ச் சற்று இளைப்பாறச் சொல்கிறார் ஆண்டவர். அதற்குள் கூட்டம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும், இவர்களை அனுப்பிவிடும் என்று கேட்டவர்கள் அதே சீடர்கள்தான். அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை; அப்பத்தைப் பிட்டு, பரிமாறும்படி அவர்கள் கையிலேயே கொடுத்தார். அந்த நேரம் அவர்களுடைய மனம் உருகியிருந்ததா என்று மாற்கு எழுதவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

இரவில் எழுவதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மூன்று வருடம் முழு இரவு தூங்காத உடலில் பொறுமை வற்றும், ஜெபமும் வறளும். அதை அவிசுவாசம் என்று நான் எண்ணமாட்டேன். கணவர் வரும்போது இரண்டு இரவு மாமியின் அறையில் அவர் படுக்கட்டும். வகுப்பிலும் நடந்ததைச் சொல்லி உதவி கேளுங்கள்; ஒருவர் வாரத்தில் ஒரு பின்னேரம் வந்து மாமியுடன் இருந்தால் நீங்கள் தூங்கலாம். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். நீங்கள் வாசித்த சமாரியனும் காயப்பட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, இரண்டு பணம் கொடுத்துவிட்டுத்தான் பயணம் போனான். கை ஓங்கிவிடுமோ என்று எப்போதாவது பயம் வந்தால், அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பேச்சுப் போனவருக்கும் பிறர் சொல்வது புரியக்கூடும். மாமி வாயைப் பொத்தியதைப் பார்த்தால், அவருக்குப் புரிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடது கையைப் பிடித்து, "மாமி, அன்று கத்தியது என் பிழை" என்று சொல்லுங்கள். வார்த்தை வராத இரவில் ஆண்டவரிடமும் அதையே சொல்லலாம்.