மூன்று மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தம்

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. கோத்தகிரி அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். அம்லோடிபின், டெல்மிசார்டன், மெட்டோபுரோலால் மூன்றையும் தவறாமல் சாப்பிட்டும் ரத்த அழுத்தம் 160/100-க்குக் கீழே வருவதில்லை. முழங்கால் வலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறார். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார். நான்காவது மாத்திரை தேவைப்படுமா?

பதில்: இதை மருந்துக்குக் கட்டுப்படாத அழுத்தம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நீர் மாத்திரை (சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைக்கும் மருந்து) உட்பட மூன்று வகை மருந்துகளை, உடல் தாங்கும் முழு அளவில் எடுத்தும் அழுத்தம் இறங்காதபோதுதான் அப்படிச் சொல்வோம். உங்கள் பட்டியலில் நீர் மாத்திரையே இல்லை.

அளக்கும் முறையையும் கவனியுங்கள். மேடேறி வந்த இரைப்பு அடங்குமுன், ஸ்வெட்டர் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி அளப்பதை நம் மலையூர்களில் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, வெறும் கையில், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து, சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர்வு உண்மையானதே.

என் பெரிய கவலை டைக்ளோஃபெனாக்தான். அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, டெல்மிசார்டனின் பலனைக் குறைக்கிறது. இவ்விரண்டோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். ஆகவே முதலில் டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு, வலிக்கு மாற்று வழியை மருத்துவரிடம் கேளுங்கள். ஊறுகாய், கருவாடு, வர்க்கி ஆகியவற்றில் உள்ளதையும் சேர்த்து உப்பு நாளுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது.

இவற்றைச் சரிசெய்து, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சேர்த்தும் இறங்காவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். குறட்டைக்கிடையே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தூக்கப் பரிசோதனை காட்டும். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரப்பதும் பலர் கவனிக்கத் தவறும் காரணம். ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்டும் ரெனின் ஆகியவற்றின் அளவுகளுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு இருந்தால் அறுவை சிகிச்சை பலருக்குப் பெரும் பலன் தரும்.

அதன் பிறகும் இன்னொரு மருந்து தேவைப்பட்டால் ஸ்பைரோனோலாக்டோன் நல்ல தேர்வு. 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பிசோபுரோலால், டாக்சசோசின் என்ற வேறு இரு அழுத்த மருந்துகளையும்விட அது நன்கு வேலை செய்தது. டெல்மிசார்டனோடு சேரும்போது பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால், தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்தாக வேண்டும். எதை மாற்றினாலும் மருத்துவர் சொல்லாமல் மெட்டோபுரோலாலைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.