4 லட்சம் வாங்கினோம், 5.4 லட்சம் காட்டுகிறது: கல்விக் கடனில் இப்போது என்ன செய்வது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் பெயிண்டர், மனைவி தையல் கம்பெனிக்குப் போகிறார். பையன் பி.இ. படிக்க அரசு வங்கியில் வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் வாங்கினோம், சொத்து எதுவும் அடமானம் வைக்கவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது பாக்கி 5,40,000, 10 வருடத்துக்கு மாதம் 7,136 கட்டுங்கள் என்கிறார்கள். பையனுக்குச் சம்பளமே 14,000. எப்படியும் தள்ளுபடி வரும், கட்டாதே என்கிறார்கள் தெரிந்தவர்கள். கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்களா?"

முதலில் அந்தக் கூடுதல் 1,40,000 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், பாதி பதில் அங்கேதான் இருக்கிறது. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றுதான் வங்கி சொன்னது, வட்டி ஓடாது என்று சொல்லவில்லை. வட்டி 10% என்றால் முதல் வருடம் கல்லூரிக்குப் போன 1 லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. கூட்டினால் உங்கள் கணக்கு அப்படியே வருகிறது. இதுவரை தனி வட்டிதான், ஆனால் தவணை தொடங்கும் நாளில் அது அசலோடு சேர்ந்துவிடும், அப்புறம் வட்டிக்கும் வட்டி.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. படிக்கும்போதே வட்டியைக் கட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு வட்டியில் 1% சலுகை. கட்டும் வட்டிக்கு வருமான வரிக் கணக்கில் 8 வருடம் வரை கழிவு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அதாவது கையில் காசு இருப்பவனுக்குக் கடன் மலிவு, தினக்கூலிக்கு அதே கடன் விலை அதிகம். உங்களைப் போன்றவர்களுக்கென்று இருப்பது மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம். 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை அரசே கட்டும். அது கிடைத்திருந்தால் உங்கள் பாக்கி 4 லட்சத்தில் நின்றிருக்கும்.

கிடைக்காமல் போனது ஏன் என்று கிளையில் கேளுங்கள். வருமானச் சான்றிதழ் கொடுக்காமல் விட்டிருக்கலாம், கொடுத்தும் கிளை மானியம் கேட்டு அனுப்பாமல் இருந்திருக்கலாம், கல்லூரிக்கோ படிப்புக்கோ, தரம் பார்த்துச் சான்று தரும் அமைப்புகளான நாக் அல்லது என்.பி.ஏ.வின் அங்கீகாரம் இல்லாமல் இருந்திருக்கலாம். (வங்கியில் என்.பி.ஏ. என்றால் வாராக்கடன், கல்லூரியில் என்.பி.ஏ. என்றால் அங்கீகாரம், குழம்பிவிடாதீர்கள்.) கடன் வாங்கிய நாளிலிருந்து முழு ஸ்டேட்மெண்ட் கேட்டு, மானியம் என்று ஏதாவது வரவு இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். சான்றிதழ் கொடுத்தும் கிளை தூங்கியிருந்தால் அது அவர்கள் தவறு, எழுத்தில் கேளுங்கள். ஆனால் பழைய வருடத்து மானியத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

சரி, மாதம் 7,136 என்ன ஆவது? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் திருப்பிக் கட்ட 15 வருடம் வரை இடம் உண்டு. 15 வருடம் என்றால் தவணை சுமார் 5,800-க்கு இறங்கும், மொத்தத்தில் 1.88 லட்சம் கூடுதலாகப் போகும். இருந்தாலும் இப்போது அதையே எடுங்கள் என்பேன், சம்பளம் ஏறியதும் சேர்த்துக் கட்டலாம், மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வேலை இல்லாமலோ சம்பளம் போதாமலோ இருந்தால் தவணையைத் தள்ளிவைக்கவும், முதலில் குறைவாகவும் போகப்போகக் கூடுதலாகவும் கட்டவும் அந்தத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. நீங்களாகக் கேட்காமல் கவுண்டரில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். முழுவதுமாகத் தள்ளிவைப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன், ஏனென்றால் உங்கள் கடனுக்கு மாத வட்டி மட்டுமே 4,500, அதுவும் கட்டாவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பது பற்றி: வேண்டாம். 90 நாள் பாக்கி விழுந்தால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். கடனில் நீங்களும் இணைக் கடன்தாரர் என்பதால் பையனோடு உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும், நாளைக்கு அவசரத்துக்கு வங்கிக் கடன் கேட்டால் கிடைக்காமல், வெளியே கந்து வட்டிக்கு ஓட வேண்டியிருக்கும்.

வீடு? 4 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கவே கூடாது, நீங்களும் வைக்கவில்லை. ஆகவே வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி ஏலம் விட முடியாது, கோர்ட்டுக்குப் போய் உங்கள் மேல் தீர்ப்பு வாங்கினால்தான் சொத்துப் பக்கம் வரமுடியும். வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, ரிசர்வ் வங்கியின் விதி அது. தாமதக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடவும் கூடாது, ஸ்டேட்மெண்டில் அதையும் பாருங்கள்.

இந்த வாரமே கிளை மேலாளருக்கு ஒரு கடிதம், பையனின் சம்பளச் சீட்டோடு. 15 வருடத் தவணை, முதல் இரண்டு வருடம் 4,500 அளவில், மானியம் பற்றி விளக்கம், முழு ஸ்டேட்மெண்ட், இவ்வளவுதான் கேட்க வேண்டியது. நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தச் சீலில் இருக்கும் தேதியிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. பதில் வரும் வரை மாதம் 4,500-ஐக் கட்டிக்கொண்டே இருங்கள், ரசீதைக் கடித நகலோடு சேர்த்து வையுங்கள்.