இஞ்சிச்சாறு குடித்தும் பலனில்லையே, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 44. ஒன்றரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாகத் தாம்பத்தியத்தில் தளர்ச்சி. ஆசை இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. இஞ்சிச்சாறும் தேனும் வெறும் வயிற்றில் குடித்தால் சரியாகிவிடும் என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, நான்கு மாதமாகத் தினமும் அரை டம்ளர் குடிக்கிறேன். நெஞ்செரிச்சல்தான் மிச்சம். சந்தையில் ஒருவர் 1,800 ரூபாய்க்கு இஞ்சி லேகியம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இரவில் இரண்டு மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதால் தூக்கமும் போச்சு. மனைவி முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திண்ணையில்தான் படுக்கிறேன்.
- பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்: தம்பி, லேகியம் வாங்க வேண்டாம். அந்த 1,800 ரூபாய் பையிலேயே இருக்கட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இஞ்சி. எனக்கு இஞ்சி மேல் எந்தக் கோபமும் கிடையாது. 'காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்' என்பதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். என் அம்மா இஞ்சியைத் தோல் சீவி, அம்மியில் தட்டிப் பிழிந்து, சாற்றை ஒரு கிண்ணத்தில் அசையாமல் வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாக மாவு போல ஒன்று படியும். அதைக் கலக்காமல், மேலே தெளிந்திருப்பதை மட்டும் இறுத்து, ஒரு ஸ்பூன் தருவார். ஒரே ஒரு ஸ்பூன். நீங்கள் அரை டம்ளர் குடிக்கிறீர்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மசக்கை வாந்திக்கு மருத்துவர்களே சிபாரிசு செய்கிறார்கள். ஆண்மைக்கு? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆண் ஹார்மோன் கூடியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதை வைத்துத்தான் அந்த வீடியோக்கள் எல்லாம். ஆனால் எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இஞ்சி மட்டும் சாப்பிட்டு விறைப்புக் குறைபாடு தீர்ந்தது என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் இல்லை. ரசத்தில் தட்டிப் போடுங்கள், டீயில் போடுங்கள், தாராளமாக. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் இப்படிச் சாறாகக் குடிக்கும் முன்பு டாக்டரைக் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். இஞ்சி பற்றிய வரி அல்ல அது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 44 வயது, ஒரு வருடத் தளர்ச்சி, ராத்திரி அடிக்கடி சிறுநீர். சுகர் பார்த்தீர்களா தம்பி? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே. நாக்கு வறட்சி, காரணமில்லாமல் இளைத்துப்போவது, பாதத்தில் மதமதப்பு, இதெல்லாம் இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள்.

விறைப்பு என்பது ரத்தம் வேகமாகப் போய் நிறைந்து, அங்கேயே நிற்கும் வேலை. அதற்கு ரத்தக்குழாய் விரிய வேண்டும், நரம்பு சொன்னபடி கேட்க வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை மூன்றும் இந்த இரண்டையும் கெடுப்பவை. உங்களுக்குச் சொட்டுநீர் தெரியும். உப்புத் தண்ணீர் என்றால் முதலில் எது அடைக்கிறது? மெயின் பைப்பா? இல்லை, சின்னச் சின்ன டிரிப்பர்தான். செடி வாடும்போதுதான் கவனிக்கிறோம். உடம்பிலும் அப்படித்தான். ஆணுறுப்புக்குப் போகும் தமனி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்கானது மூன்று, நான்கு மில்லிமீட்டர். குழாய்களில் கோளாறு ஆரம்பித்தால் சின்னதில் முதலில் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே இந்தத் தளர்ச்சி தலைகாட்டுவது அதனால்தான். பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் இதை 'ஆண்மைப் பிரச்சினை' என்று மறைத்து வைத்துக்கொண்டு திண்ணையில் படுத்திருந்தால், மெயின் பைப்பை யார் பார்ப்பது?

மனக்கவலையும், ஓயாத வேலையும்கூட இதைச் செய்யும். விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் வேலை செய்கின்றன, மனசு பக்கம் பார்க்கலாம். பல மாதமாகவே இல்லை என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விடியற்காலை விறைப்பு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, சுகர், பிரஷர் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

லேகியம் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் மயக்கமாக என்னிடம் வந்தார். பிரஷர் அதலபாதாளத்தில். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர். சட்டைப்பையில் லேபிள் இல்லாத ஒரு சின்ன டப்பா, 'எல்லாம் மூலிகைதான் சார்' என்றார். இப்படி மூலிகை என்று விற்பதில் சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்தையே சொல்லாமல் கலப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. 1998-இல் விறைப்புக் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் அது. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்து. நாக்கடி மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு அவர் பிழைத்துக்கொண்டார். இப்படி 'வீரியம் கூட்டும்' என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு இருக்கிறது. படித்த மருத்துவர் உட்கார்ந்திருப்பார், அங்கே போங்கள்.

எங்கே போய் எப்படிச் சொல்வது என்ற கூச்சம்தானே? ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'சுகர், பிரஷர் பார்க்கணும்' என்று மட்டும் சொல்லுங்கள், இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஆரம்பித்ததே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்க்கும் அந்தத் திட்டத்துப் பெண்ணிடம் கேட்டாலும் போதும், வேறெதையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டால் அல்லது தாண்டினால், இன்னொரு நாள் உறுதி செய்து வைத்தியம் தொடங்குவார்கள். அப்புறம் டாக்டர் அறையில், கதவு சாத்தியபின், மற்றதைச் சொல்லுங்கள். அவர் தினம் கேட்கும் விஷயம்தான் அது.

உங்கள் மனைவிக்கு இன்றைக்கே சொல்லுங்கள். 'உடம்பு சரியில்லை, சுகரா இருக்குமோன்னு பார்க்கப் போறேன், நீயும் வா.' அவ்வளவு போதும். நீங்கள் திண்ணைக்குப் போன நாளிலிருந்து, தன்னைத்தான் உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று உள்ளே ஒருத்தி தூங்காமல் கிடந்திருக்கலாம்.

டெஸ்ட்டுக்குப் போகும் காலையில் அந்த இஞ்சிச்சாறும் தேனும் கண்டிப்பாக வேண்டாம். தேனும் சர்க்கரைதான், ரிசல்ட் தப்பாக வரும். முந்தின இரவு எட்டு மணிக்குக் களியோ சோறோ சாப்பிட்டதோடு சரி, அப்புறம் வெறும் தண்ணீர் மட்டும். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.