பதில்: சித்தப்பா கணக்கில் உள்ள பணத்தை பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் காட்டலாமா?

காட்ட முடியாது. பணம் உங்கள் கணக்கிலோ அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கிலோ இருக்க வேண்டும். சித்தப்பா எவ்வளவு பாசமாகக் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அப்பா கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். கூடவே உங்கள் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

எனக்குக் கவலை நீங்கள் கேட்காத விஷயத்தில்தான். அடுத்த வாரமே விண்ணப்பிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றிய பணம் தொடர்ந்து 28 நாள் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்துதான். தானாகப் பிடிக்கப்படும் தவணை, ஏடிஎம்மில் எடுப்பது எல்லாம் அப்போது யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வையுங்கள். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதி, விசா கட்டணம் கட்டும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்கட்டும்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றால் உங்கள் பெயரில் வங்கிக் கல்விக் கடன் கேட்டுப் பாருங்கள். அதற்கு 28 நாள் கணக்கு கிடையாது. ஆனால் கடன் கடிதம் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

காஸ் (CAS, பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி) வந்துவிட்டதென்று பதற வேண்டாம், அது 6 மாதம் செல்லும். வகுப்பு தொடங்கும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.