வெப்பமான ஊரில் மாடித்தோட்டம்: எந்த மாதத்தில் எதை விதைப்பது?

சென்னையில் மொட்டை மாடியில் ஆண்டு முழுவதும் காய்கறி எடுக்க முடியுமா, எந்த மாதத்தில் எதை விதைக்க வேண்டும், காலிபிளவர் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். காலிபிளவரைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவை வரும், ஆனால் விதை போடும் நாளைக் குறிப்பதற்கு முன் அந்தச் செடி எந்த மாதத்தில் பூக்கும் என்று கணக்குப் போட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

முதல் ஆண்டு, பொங்கல் முடிந்த கையோடு தக்காளி விதைத்தேன். 25 நாளில் நாற்றைப் பிடுங்கி நட்டேன்; பங்குனியில் செடி இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்தது; பூத்தவை எல்லாம் காம்போடு உதிர்ந்தன. உரம் போதவில்லை என்று நினைத்து மண்புழு உரத்தை அள்ளிப் போட்டதில் இலைதான் பெருத்தது. உண்மையான காரணம் சூடு. பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும், அதைவிட முக்கியமாக இரவில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும், தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து, கருவுறாத பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. சென்னையின் ஏப்ரல் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. விதைத்ததிலிருந்து பூக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்பதால், இப்போது அக்டோபர் நடுவில், மழை படாத தாழ்வாரத்தில் குழித்தட்டில் விதைக்கிறேன். டிசம்பர் நடுவில் பூத்து, ஜனவரி முதல் மார்ச் வரை காய் தருகிறது.

கொடி அவரை இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பித்தது. மாசியில் விதைத்த கொடி பந்தல் முழுவதும் படர்ந்து, ஆறேழு மாதம் நிழலைத் தவிர வேறு எதையும் தரவில்லை. பழைய கொடி அவரை வகைகள் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு என்றாலும் அது அவரைக்குத் தெரிகிறது. ஆடியில் விதைத்தாலும் கார்த்திகை, மார்கழியில்தான் காய்க்கும் என்றால், மாசியிலிருந்து தண்ணீர் ஊற்றியது வீண்தானே.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மானாவாரி நிலத்துக்குச் சொன்ன பழமொழி என்று நினைத்திருந்தேன். மாடியில் வளரும் சுரை, பீர்க்கை, புடலை, பாகலுக்கும் அது பொருந்துகிறது. கடும் வெயிலிலும் நீண்ட பகலிலும் இந்தக் கொடிகளில் ஆண் பூக்களே மிகுதியாக வரும். ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் பூக்கும்போது பெண் பூக்கள் கூடுகின்றன. பிஞ்சு வெம்பி விழுந்தால் பூச்சிமருந்தைத் தேட வேண்டாம், மகரந்தம் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பாகலும் பூசணியும் காலையில் மலர்வதால் தேனீ வந்துவிடும். சுரைப்பூவோ மாலையில் மலர்கிறது. எனவே இருட்டும் நேரத்தில் கைவிளக்குடன் மாடி ஏறி, ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் சிறு பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுகிறேன். பக்கத்து வீட்டார் முதலில் திருடன் என்று நினைத்தார்கள்.

கத்திரி வெயிலில் கைகொடுப்பவை வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, காராமணி. மாசிக் கடைசியில் விதைத்த வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். அந்த மாதங்களில் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடி, மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுகிறேன். மாலையில் குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீர் கொதிக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டே செடிக்கு ஊற்ற வேண்டும். கத்தரிச் செடியை மட்டும் பிடுங்காதீர்கள். ஆனிக் கடைசியில் அரை அடி விட்டு மேலே வெட்டிவிட்டு எரு போட்டால், துளிர்த்து அடுத்த சுற்றுக் காய்க்கிறது.

என் அனுபவத்தில் கோடையைவிட மழைதான் கொடிது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வடிதுளைகள் அடைத்திருந்த பைகளில் இரண்டு நாள் நீர் தேங்கி, பூக்கும் நிலையில் இருந்த தக்காளியில் பாதி வேரழுகிப் போயிற்று. அதன் பிறகு புரட்டாசியிலேயே ஒவ்வொரு பையின் அடித்துளையிலும் குச்சி விட்டுப் பார்க்கிறேன். மண் கலவையில் தென்னை நார்க்கழிவைக் குறைத்து மணலைக் கூட்டியிருக்கிறேன். ஐப்பசியில் கீரை விதை தூவுவதில்லை. ஒரே மழையில் விதை முழுவதும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.

காலிபிளவரை இரண்டு மார்கழிகளில் முயன்றேன். எலுமிச்சை அளவுக்கு மேல் பூ திரளவில்லை. அந்த இரண்டு தொட்டிகளில் இப்போது முள்ளங்கி விதைக்கிறேன். 45 நாளில் பிடுங்கிவிடலாம்.