மேடையில் ஒரு கார், ஷோரூமில் வேறு கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆட்டோ ஷோவில் காட்டும் ஸ்போர்ட்ஸ் கார் வடிவத்தை அப்படியே ஏன் விற்பனைக்குக் கொண்டுவருவதில்லை?
(ஸ்ரீசிட்டியில், தகட்டை அழுத்தி கார் பாகமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் வாசகர், சத்தியவேடு)

பதில்: பாதி விடை உங்கள் பிரஸ் ஷாப்பிலேயே கிடக்கிறது. ஷோவில் காட்டுவதற்காகச் செய்யும் மாதிரியான கான்செப்ட் காரின் பாடி பெரும்பாலும் ஃபைபரில் வார்த்தது, அல்லது கையால் தட்டியது. ஒரே ஒரு கார்தானே, மடிப்பைக் கத்திமுனையாக வைக்கலாம். அதையே டை (அச்சு) போட்டு ஸ்டீல் தகட்டில் அடித்தால், மூலை கூர்மையான இடத்தில் தகடு மெலிந்து கிழியும். தகட்டைப் பிடிக்கும் அழுத்தம் குறைந்தால் சுருக்கம் விழும். பிரஸ் திறந்ததும் ஸ்பிரிங்பேக், அதாவது வளைத்த தகடு கொஞ்சம் பழைய வடிவுக்குத் திரும்பும். அதனால் மடிப்பை மழுக்குவார்கள், அல்லது பேனலை இரண்டாகப் பிரித்து நடுவில் கோடு விடுவார்கள்.

அடுத்தது விதிகள். ஐரோப்பிய விதிப்படி டிப் விளக்கின் (தாழ்ந்த ஒளி தரும் ஹெட்லைட்) ஒளிவிடும் பகுதி தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது. பாதசாரியின் தலை மோதினால் பானெட் அமுங்க இடம் வேண்டும். முன்னால் எஞ்சின் உள்ள காரில் மூக்கு தூக்கலாக வருவது இதனால்தான்.

பிறகு பணம். போர்ஷே பாக்ஸ்டர் 1993-ல் டெட்ராய்ட்டில் கான்செப்ட்டாக வந்தது. 1996-ல் விற்பனைக்கு வந்தபோது உடல் பெருத்திருந்தது. செலவைக் குறைக்க, முன்பகுதியை, அடுத்து வந்த போர்ஷே 911 காருடன் பங்கு போட்டுக்கொண்டது. டாடா ரேஸ்மோ (ஜெனீவா, 2017, 1.2 லிட்டர் டர்போ, 190 குதிரைத்திறன்) ஷோரூம் வரைகூட வரவில்லை. டைச் செலவை 2 லட்சம் கார்களில் பிரித்தால் தெரியாது, 2,000 கார்களில் பிரித்தால் தாங்காது.

மாற்றாமல் விட்டாலும் ஆபத்து உண்டு. 1995 கான்செப்ட்டை ஏறக்குறைய அப்படியே 1998-ல் தயாரித்த ஆடி டிடி பார்க்க அழகுதான். ஆனால் அதிவேகத்தில் பின்பக்கம் தூக்கியது. விபத்துகளுக்குப் பிறகு காரைத் திரும்ப அழைத்து பின்பக்கத்தைக் கீழே அழுத்தும் ஸ்பாய்லர், கார் சறுக்காமல் தடுக்கும் ஈஎஸ்பி பொருத்தி, சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள்.

கேள்வி: ஹேட்ச்பேக்கில் 14 அங்குல வீலை எடுத்துவிட்டு 15 போடலாமா? வாளையார் வழியாக அடிக்கடி கோவை போகிறேன்.
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டில் கம்பெனியே 15 கொடுத்தால், அதே டயர் அளவைப் போடுங்கள். 175/65 ஆர்14-ன் விட்டம் 583 மி.மீ.; 185/60 ஆர்15-க்கு 603. பெரியதைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, முன்னைவிட 3 கி.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். வீலின் ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு) கம்பெனி அளவிலேயே இருக்கட்டும். வெளியே தள்ளிய வீல் பேரிங்கைத் தின்னும், முழு லோடில் ஃபெண்டரில் உரசும்.